வெட்டுவது ஈ.பி., அள்ளுவது யார்? திருப்பூர் தெருக்களில் விழும் மரம் எங்கே போகிறது

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மின்தடை என்று அறிவிப்பு வந்தால், திருப்பூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர் மோட்டாரும் நிட்டிங் மெஷினும்தான். அன்றைக்கு நடக்கிற இன்னொரு வேலை சாயங்காலம்தான் கண்ணில் படும். மின்கம்பியில் உரசிக்கொண்டிருந்த வேப்பங்கிளை, புங்கங்கிளை, தூங்குமூஞ்சிக் கிளை எல்லாம் வெட்டப்பட்டு மரத்தடியிலேயே குவிந்து கிடக்கும். கரன்ட் வந்துவிடும், கிளை மட்டும் அங்கேயே கிடக்கும்.

வெட்டுவது மின்வாரியம். அள்ள வேண்டியது மாநகராட்சி. இரண்டுக்கும் நடுவே இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அதற்குள் இலை சருகாகிவிடும். அதன்மேல் யாரோ குப்பை மூட்டையைப் போடுவார்கள், ஒரு ராத்திரி வேறு யாரோ தீயை வைப்பார்கள். கனமான கட்டைகள் மட்டும் அதற்கு முன்பே மினி ஆட்டோவில் ஏறிப் போயிருக்கும்.

கிளைகளோடு இது முடிவதில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் முழு மரமே சாய்கிறது. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டும்போது நிலை, கதவு, பனங்கை, உத்திரம் எல்லாம் கழன்று வருகின்றன. வெளிநாட்டில் இருந்து நிட்டிங் மெஷின் வந்த மரப்பெட்டி கம்பெனிக்குப் பின்னால் மழையில் நனைகிறது. லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குக் கிளம்பும் குடும்பம் பிளைவுட் கட்டிலை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறது.

இத்தனையையும் ‘மரக்கழிவு’ என்ற ஒரே வார்த்தையில் அடைத்துவிடுகிறோம். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

குப்பைக்கு இடமில்லாத ஊர்

60 வார்டுகள் கொண்ட திருப்பூர் மாநகராட்சியில் தினமும் பல நூறு டன் குப்பை சேர்கிறது. அதை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்பது பல வருடங்களாகத் தீராத தலைவலி. சுற்றுவட்டாரக் கிராமங்களில் கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் கொட்டுவதை எதிர்த்து 2025-ல் முதலிபாளையம், இடுவாய் பகுதி மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

இந்த நிலைமையில் ஒரு லாரி நிறைய மரக்கிளையைப் பாறைக்குழிக்கு அனுப்புவது வீண் செலவு. கிளைக்கு எடை குறைவு, ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். ஒரு நடை லாரி என்றால் அதில் பாதிக்கு மேல் ஏறுவது வெறும் காற்றுதான். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மற்ற குப்பையோடு காய்ந்து கிடந்து, தீப்பிடித்தால் நன்றாக எரியவும் உதவும்.

விதி இல்லாமலும் இல்லை. தோட்டக் கழிவைத் தனியாகச் சேமித்து, உள்ளாட்சி சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. தெருவில் போட்டு எரிக்கக் கூடாது என்றும் அவை சொல்லியிருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று உத்தரவிட்டது. எரிக்காதே என்று சொல்லியாகிவிட்டது. எரிக்காமல் அந்தக் கட்டையை என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் தெருவில் யாரிடமும் பதில் இல்லை.

விலை உண்டு, ஆனால் எடைக்கு

திருப்பூரில் மரத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. எந்த மரமானாலும், எந்த நாளானாலும், கிலோ கணக்கில் வாங்க ஓர் ஆள் உண்டு. அதுதான் பாய்லர்.

துணிக்குச் சாயம் ஏற்ற வெந்நீர் வேண்டும், காம்பாக்டிங் செய்ய நீராவி வேண்டும். இரண்டையும் தருவது பெரும்பாலும் விறகு பாய்லர்தான். இதில் 2011 ஒரு முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம், நொய்யலை மாசுபடுத்திய 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் படிப்படியாக மறுபடி ஓடத் தொடங்கின. சவ்வூடு பரவல் முறையில் தண்ணீரை மீட்ட பிறகு மிச்சம் நிற்கும் உப்புக் கரைசலை என்ன செய்வது? காய்ச்சி வற்றவைக்க வேண்டும். அதற்கும் நீராவி, அந்த நீராவிக்கும் விறகு. ஆற்றைக் காப்பாற்ற எடுத்த முடிவு ஊரின் விறகுப் பசியைக் கூட்டிவிட்டது. தப்பான முடிவு என்று இதற்கு அர்த்தமில்லை. நொய்யலுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கு ஏதோ ஒரு மரத்தின் தலையில் விழுந்திருக்கிறது.

பாய்லருக்கு மரத்தின் பெயர் தேவையில்லை, எடை போதும். வேம்பும் சீமைக்கருவேலமும் தராசில் ஒன்றுதான். தெருவில் விழுந்த மரத்தைப் பார்த்து யாரையாவது கூப்பிட்டால், ‘வெறகுக்கு வேணா எடுத்துக்கறேனுங்க’ என்ற பதில் வருவது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு. நாலடி சுற்றளவும் ஒன்பதடி நீளமும் உள்ள ஒரு வேப்பந்தடி விழுந்து கிடக்கிறது என்று வையுங்கள். மரக்கடையில் அளக்கும் முறை எளிது. சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். ஒன்பது கன அடி வரும். அறுக்கும்போது தூளும் செதிலும் போக, கிட்டத்தட்ட பாதி பலகையாகத் தேறும். நாலரை கன அடி பலகை என்றால் தெருமுனையில் போடுகிற மாதிரி இரண்டு பெஞ்சு செய்யலாம். அதே தடி பாய்லருக்குப் போனால்? காய்ந்த நிலையில் சுமார் 230 கிலோ இருக்கும். ஒரு டன் நீராவிக்குச் சுமார் கால் டன் விறகு வேண்டும். ஆக, ஒரு மணி நேரத்துக்கு ஒரு டன் நீராவி தருகிற சின்ன பாய்லரில் அந்த மரம் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. தெருவுக்கு இருபது, முப்பது வருடம் நிழல் கொடுத்த மரத்துக்கு ஒரு மணி நேரம்.

காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். எரிக்கப்படும் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.8 கிலோ கரியமில வாயு உடனே வெளியேறும். பெஞ்சாக இருக்கிற வரை அந்தக் கார்பன் பெஞ்சிலேயே இருக்கும்.

இதற்காக பாய்லரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. தெருவில் விழுந்த கட்டை பாய்லருக்குப் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு எங்கோ வெட்டிய மரம் எரியும். சிக்கல் எரிப்பதில் இல்லை, வரிசையில்தான். கடைசியில் வர வேண்டியது முதலில் வந்து நிற்கிறது.

துணிக்குத் தெரிந்த வித்தை

இந்த வரிசையைப் பற்றி வேறு ஊருக்குப் பாடம் சொல்லலாம், திருப்பூருக்குச் சொல்லத் தேவையே இல்லை. கட்டிங் டேபிளில் துணி வெட்டும்போது சுமார் 15 சதவீதம் துண்டாக மிஞ்சும் என்பது பொதுவான கணக்கு. அந்த ‘பனியன் வேஸ்ட்’ குப்பைக்குப் போவதில்லை. வெள்ளை தனி, கலர் தனி, அதிலும் டார்க் தனி, லைட் தனி. முழுப் பருத்தி ஒரு விலை, லைக்ரா கலந்தால் குறைந்த விலை. வெள்ளைத் துண்டுக்கு எப்போதும் மவுசு அதிகம். நல்ல துண்டு பஞ்சாகப் பிரிக்கப்பட்டு ஓபன் எண்ட் மில்லில் மறுபடி நூலாகிறது. கொஞ்சம் மட்டமானது மெஷின் துடைக்கும் துணியாகிறது. எதற்கும் ஆகாதது மட்டும்தான் கடைசியில் அடுப்புக்கு.

இந்தத் தொழில் எந்த அரசாணையாலும் வரவில்லை. பிரித்தால் காசு, கலந்தால் நஷ்டம் என்று வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். குடோனில் உட்கார்ந்து கலர் கலராகப் பிரிக்கும் பெண்களின் கண்தான் இதன் மூலதனம்.

மரத்திலும் இதே படிநிலை உண்டு. தடியாக உள்ளது பலகைக்கு, கையளவு கிளை வேலிக்கும் பந்தல்காலுக்கும், சில்லறைக் குச்சி தூளாக்கி உரத்துக்கு, மிச்சம் அடுப்புக்கு. மரத்தைப் பிரிக்கிற கண் மட்டும் ஊரில் குறைந்துவிட்டது. எந்த மரம் எதற்கு ஆகும் என்று தெரிந்த ஆசாரிகளின் வேலை இப்போது பெரும்பாலும் பிளைவுட் அறுப்பதும் மைக்கா ஒட்டுவதும்தான்.

ஒரு உதாரணம். நாட்டுச்செக்கு எண்ணெய் என்று விளம்பரம் செய்கிற கடைகளில் ‘வாகை மரச்செக்கு’ என்று எழுதி வைத்திருப்பார்கள். காங்கேயம் பக்கம் தேங்காய் எண்ணெய்த் தொழிலை அறிந்தவர்களுக்கு வாகையின் அருமை புதிதல்ல. அதே வாகை தெருவோரத்தில் சாய்ந்தால் அது வெறும் விறகு. தூங்குமூஞ்சியும் அப்படித்தான். தாய்லாந்திலும் ஹவாயிலும் அந்த மரத்தில் கடைந்த கிண்ணங்களும் தட்டுகளும் சுற்றுலாப் பயணிகள் தேடி வாங்கும் சரக்கு. நம் ஊரில் கம்பிக்கு இடைஞ்சலான மரம் என்பதோடு சரி. பூவரசு ஒரு காலத்தில் வண்டிச் சாமானுக்குப் போன மரம். எல்லா மரமும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புங்கன் சீக்கிரம் பூச்சி விழும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்காமல் அதில் மேஜை செய்து விற்றால் வாங்கியவர் ஒரு வருடத்தில் மாவு உதிர்கிறது என்று திரும்ப வருவார்.

ஆணி என்ற வில்லன்

சரி, மரம் அறுக்கும் மில்லுக்கே கொண்டு போய்விட்டால்? அங்கேதான் முதல் முட்டுக்கட்டை. தெரு மரம் என்றாலே மில்காரர் முகம் சுளிப்பார். காரணம் ஆணி.

டியூஷன் சென்டர் தட்டி, ‘ஆட்கள் தேவை’ போர்டு, கட்சிக் கொடி, திருவிழா சீரியல் லைட் என்று அடித்த ஆணிகள் காலப்போக்கில் மரத்துக்குள்ளேயே புதைந்துவிடும். வெளியே தழும்புகூடத் தெரியாது. அறுக்கும்போது ஓர் ஆணி பட்டால் போதும், ரம்பத்தின் பல் போய்விடும். ஓடுகிற பட்டை ரம்பம் அறுந்தால் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கும் ஆபத்து. ஒரு தடியில் கிடைக்கிற கூலியைவிட ரம்பத்தின் விலை அதிகம் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

கோவை, சென்னை உள்ளிட்ட ஊர்களில் தன்னார்வலர்கள் தெரு மரங்களில் ஆணி பிடுங்குவதைப் பலர் பார்த்திருக்கலாம். மரத்துக்கு வலிக்குமே என்ற இரக்கத்தில் செய்கிற காரியமாகத்தான் அது தெரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், இன்றைக்கு ஒரு தெருக்காரர் பிடுங்கும் ஆணி, இன்னும் இருபது வருடம் கழித்து அந்த மரம் பலகையாகுமா, விறகாகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அறுப்பதற்கு முன் உலோகம் இருக்கிறதா என்று கையடக்கக் கருவியால் தடவிப் பார்த்துவிடலாம். வெளிநாட்டு யார்டுகளில் அது அன்றாட வேலை.

இன்னொரு விஷயம், ஆணியைவிட முக்கியமானது. மரம் விழுந்ததும் போக்குவரத்தைச் சரிசெய்ய வருகிறவர்கள் பவர் ரம்பத்தால் அதை இரண்டடித் துண்டுகளாகப் போட்டுவிடுவார்கள். தூக்கிப் போட அதுதான் வசதி. அவர்கள் மேல் தப்பு இல்லை, ரோட்டைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு உத்தரவு. ஆனால் இரண்டடியில் துண்டு போட்ட அடிமரம் அந்த நிமிடமே விறகாகிவிட்டது. ஐந்தடி, ஆறடியாக விட்டிருந்தால் பலகை. மரத்தின் தலையெழுத்தை அந்தப் பத்து நிமிடம்தான் எழுதுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் அங்கே நிற்பது தெருக்காரர்கள்தான்.

எரிக்கவே கூடாத மரம்

இதுவரை சொன்னது சுத்தமான மரத்துக்கு. பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். கதை வேறு. இவற்றில் மரத்தூளையும் பட்டையையும் இறுக்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பசை. மேலே மைக்கா, ஓரத்தில் பி.வி.சி. பட்டை. இதைத் தெருமுனையில் கொளுத்தினாலும், வெந்நீர் அடுப்பில் போட்டாலும் வருகிற புகை வேப்பங்குச்சிப் புகை அல்ல. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும், டையாக்சின் உருவாகவும் வழி உண்டு. பழைய பெயின்ட் பூசிய கதவு, சன்னலில் ஈயம் இருக்கலாம். ரயில்வேயின் பழைய ஸ்லீப்பர் கட்டையில் கிரியோசோட் ஊறியிருக்கும்.

ஜெர்மனி இதற்கென்றே 2002-ல் ஒரு சட்டவிதி போட்டது. பழைய மரத்தை நாலு வகுப்பாகப் பிரித்தது. எதுவும் பூசாத மரம் முதல் வகுப்பு. பசை, பெயின்ட் இருந்தாலும் பி.வி.சி. போன்றவையோ பூச்சி மருந்தோ சேராதது இரண்டாவது. பி.வி.சி. போன்றவை ஒட்டியது மூன்றாவது. மரப்பாதுகாப்பு ரசாயனம் ஏற்றியது நாலாவது, ஸ்லீப்பர் கட்டை இதில்தான் வரும். எந்த வகுப்பை எங்கே பயன்படுத்தலாம், எங்கே எரிக்கலாம் என்பது அதை வைத்து முடிவாகும். நாலு வகுப்பு நம் தெருவுக்குத் தேவையில்லை. ‘பச்சை மரம், பழைய மரம், ஒட்டு மரம்’ என்று மூன்றாகப் பிரித்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

பேலட்டுக்கும் மெஷின் பெட்டிக்கும் ஓர் எளிய சோதனை உண்டு. நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிகளில் பூச்சி பரவாமல் இருக்க ‘ஐ.எஸ்.பி.எம். 15’ என்ற சர்வதேச விதி இருக்கிறது. பெட்டியின் பக்கத்தில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை, கூடவே நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு இருக்கும். அதற்குக் கீழே ‘ஹெச்.டி.’ என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடுபடுத்தியது என்று அர்த்தம். அதில் புத்தக அலமாரியோ செடித் தொட்டியோ செய்யலாம். ‘எம்.பி.’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. வீட்டுக்குள் வேண்டாம். சாயப் பவுடர், கெமிக்கல் டிரம் ஏற்றி வந்த பேலட்டை எந்த முத்திரை இருந்தாலும் குழந்தைகள் புழங்கும் இடத்தில் வைக்கக் கூடாது. திருப்பூரில் இதை இரண்டு தடவை சொல்லலாம்.

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள்?

பழைய மரத்துக்கு மரியாதை என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பிரித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண், கதவு, சன்னல் என்று துண்டு துண்டாக விற்கிறார்கள். அங்கே எடைக்கு எதுவும் போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. விலை கிடைக்கிறது என்பதற்காகவே நல்ல வீட்டைப் பிரிக்கும் சோகமும் அதில் கலந்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 1998-ல் ரிச்சர்ட் மெஹ்மெட் என்பவர் ஒரு மர மறுபயன்பாட்டு நிலையத்தைத் தொடங்கினார். கட்டட வேலை நடக்கும் இடங்களில் மிஞ்சும் மரத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு அள்ளி வருவார்கள். நல்ல பலகை கடையில் விற்பனைக்கு, சுமாரானதில் மேஜை, பெஞ்சு. அதற்கும் ஆகாதது விறகுக்கு, மிச்சம் சிப்ஸாக மறுசுழற்சிக்கு. வேலை செய்கிறவர்களில் தன்னார்வலர்களும், வேலை கிடைக்காமல் தொழில் கற்க வந்தவர்களும் உண்டு. இதே மாதிரி நிலையங்கள் பிறகு பிரிட்டனின் பல ஊர்களில் வந்தன. இதில் கவனிக்க வேண்டியது முதல் வரி. மரத்தை இலவசமாக அள்ளவில்லை, அள்ளுவதற்குக் காசு வாங்கினார்கள். குப்பைத் தொட்டி வாடகையைவிடக் குறைவாக இருந்ததால் கட்டடக்காரர்களும் கொடுத்தார்கள்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சி ‘கேம்ப் ஸ்மால்’ என்ற தன் பழைய யார்டை இதற்காக ஒழுங்குபடுத்தியது. நகரில் வெட்டப்படும் மரங்கள் அங்கே வந்து, இனம் பார்த்துப் பிரிக்கப்பட்டு, தடியாகவும் பலகையாகவும் விற்பனையாகின்றன. தூளாக்கிய மரச்சீவலைத் தோட்டத்துக்கு மக்கள் எடுத்துப் போகிறார்கள். அதே ஊரில் சுமார் 16,000 வீடுகள் ஆளில்லாமல் பாழடைந்து கிடந்தன. அவற்றில் ஒரு பகுதியை புல்டோசர் வைத்து நொறுக்காமல், ஆள் வைத்துப் பிரித்து, பழைய உத்திரங்களை மீட்டார்கள். மற்ற இடங்களில் வேலை கிடைக்கச் சிரமப்பட்டவர்களுக்கு அந்த வேலை போனது. அந்த மரத்தில் செய்த மேஜைகளைப் பெரிய கடைகளும் விற்றன.

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூர் நமக்கு இன்னும் பக்கம். மரங்களும் நமக்குத் தெரிந்தவை, தூங்குமூஞ்சி, மகோகனி மாதிரி. அங்கே ‘ரோஜர் அண்ட் சன்ஸ்’ என்ற தச்சு நிறுவனம், கட்டுமானத்துக்காக வெட்டப்படும் உள்ளூர் மரங்களை வாங்கி அறைகலன் செய்கிறது. சீவிய கிளைகளை அதே ஊர் எரிக்கவும் செய்கிறது. ‘கார்டன்ஸ் பை த பே’ பூங்காவின் கண்ணாடிக் குடில்களைக் குளிர்விக்கும் அமைப்புக்கு, நகரப் பூங்காக்களின் கிளைக்கழிவை எரித்து ஆற்றல் எடுக்கிறார்கள். சாம்பல் உரமாகிறது. தடி தச்சரிடம், குச்சி கொதிகலனிடம். திருப்பூரில் கொதிகலன் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு வார்டில் தொடங்கினால்?

பெரிய யார்டு, பெரிய மெஷின் என்று ஆரம்பித்தால் அது இன்னொரு பூட்டிய கட்டடமாக முடியும். ஒரு வார்டுக்குத் தேவைப்படுவது நாலு சென்ட் இடமும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். நிழல் இருந்தால் நல்லது. தரையில் நேரடியாகப் போட்டால் கரையான் ஏறும். ஹாலோபிளாக் கல்லின் மேல் தடியை அடுக்கி, வெட்டுவாயில் மிச்சமான பெயின்டைப் பூசிவிட்டால் வெடிப்பு குறையும். எந்தத் தெருவில், எந்தத் தேதியில் விழுந்த, எந்த மரம் என்று சாக்பீஸில் எழுதி, நோட்டிலும் ஏற்ற வேண்டும். ஆறு மாதம் கழித்து வாங்க வருகிற தச்சர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

குச்சிக்கும் இலைக்கும் பக்கத்திலேயே வழி இருக்கிறது. மாநகராட்சியின் நுண் உரக்கூடங்களுக்கு வருவது பெரும்பாலும் காய்கறி, சாப்பாட்டுக் கழிவு. அதில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம், அதனால்தான் நாற்றம். மட்குவதற்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும். அந்தக் கார்பன்தான் மரச்சீவல். ஒரு பக்கம் உரக்கூடம் நாறுகிறது என்று புகார், இன்னொரு பக்கம் நாற்றத்தை அடக்குகிற பொருளைத் தெருவில் கொளுத்துகிறோம்! மிஞ்சிய சீவலைச் செடியைச் சுற்றி மூன்று அங்குலம் போட்டால் ஈரம் காக்கும். மழைமறைவுப் பகுதியான திருப்பூரில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. ‘வெற்றி’ அமைப்பு 2015-ல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ திட்டத்தில் மட்டும் பல லட்சம் கன்றுகள் நடப்பட்டிருக்கின்றன. மரம் நட இவ்வளவு பேர் திரளுகிற ஊரில், மரம் விழுந்த பிறகு வருவதற்கும் சிலர் இருப்பார்கள்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தெரு மரம் அரசின் சொத்து. விழுந்துவிட்டது என்பதற்காகத் தெருக்காரர்கள் எடுத்துக்கொள்ள முடியாது. அரசு நிலத்தில் உள்ள மரத்தை வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். மரத்தை மதிப்பிட்டு ஏலம் விடுவது நடைமுறை. சந்தனம் போன்ற மரங்களுக்குத் தனி விதிகளே இருக்கின்றன. ஆகவே தெருச் சங்கம் தனியாகக் கிளம்பினால் முதல் வாரத்திலேயே ‘எங்க மரத்த எவன் எடுத்தான்’ என்ற பஞ்சாயத்து வந்துவிடும். மாநகராட்சித் தீர்மானம் ஒன்று இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

தீர்மானத்துக்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடந்தன. கவுன்சிலர் தலைமையில் நடக்கும் இந்தக் கூட்டங்களில் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் தவிர வேறு பேச்சு வருவது அபூர்வம். அங்கே மூன்று விஷயங்களை எழுதிக் கொடுக்கலாம். விழுந்த மரத்தின் அடிப்பாகத்தை ஐந்தடிக்குக் குறையாமல் வெட்ட வேண்டும். மின்தடைக்குத் தேதி குறிக்கும்போதே கிளை அள்ளும் வண்டிக்கும் தேதி குறிக்க வேண்டும். வார்டில் பயன்படாமல் கிடக்கும் ஒரு மாநகராட்சி இடத்தை மரம் அடுக்கக் கொடுக்க வேண்டும். கொட்டகை போட ‘நமக்கு நாமே’ திட்டத்தைக் கேட்கலாம். ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும் திட்டம் அது.

வேலை யார் தலையில் விழும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. ஈரம், உலர்வு என்று பிரிக்கிற தூய்மைப் பணியாளரிடமே இதையும் தள்ளிவிட்டு, சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனால் மூன்றாவது மாதம் இடம் மறுபடி குப்பைமேடாகிவிடும். அறுவைக் கூலி, வண்டி வாடகை, சீவல் மெஷின் வாடகை எல்லாம் கைக்காசு. தெருக்காரர்கள் சும்மா கொடுக்கக்கூடியது கண்ணும் நேரமும்தான். மரம் விழுந்த இடத்துக்கு ஓடிப்போய் நீளமாக வெட்டச் சொல்வது, ஆணி பிடுங்குவது, ஒட்டு மரத்தைக் குவியலில் சேரவிடாமல் தடுப்பது. ‘இது என்ன மரமுங்?’ என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வைப்பதும் அதில் ஒன்று. வேம்பு ஒரு கன அடி விறகாகப் போனால் காய்ந்த நிலையில் 20 கிலோ, நூறு ரூபாயைச் சுற்றித்தான் நிற்கும். அறுத்த பலகையாகப் பல நூறு ரூபாய். அந்த வித்தியாசத்துக்குள் கூலியும் வாடகையும் அடங்கினால்தான் இது இரண்டாவது வருடமும் நடக்கும்.

எல்லாத் தடிக்கும் ஆள் வராது. கோணல், பொந்து, உள்ளே பூச்சி என்று பாதிக்கு மேல் கழியலாம். ஆறு மாதம் கழித்தும் யாரும் கேட்காததை மினி ஆட்டோ கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிடலாம். பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர்தான். நிழலில் காய்ந்த விறகுக்கு அதனால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே விலை கிடைக்கும். அந்தக் காசு அடுத்த தடியின் அறுவைக் கூலிக்கு ஆகும்.